யாருடைய ஒற்றையடிப் பாதை?

அண்மைக் காலமாகத் தமிழில் பயணக் கட்டுரைகள் பெருகி வருகின்றன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். கொடி பிடித்துச் செல்லும் வழிகாட்டிக்குப் பின்னால் கூட்டமாகப் போகாமல், தோளில் ஒரு பையோடு, தனியாகவோ இருவராகவோ, உள்ளூர்ப் பேருந்திலும் படகிலும் ஏறி, வெப்பமண்டல நாடுகளின் உள்ளொடுங்கிய ஊர்கள்வரை போய்வந்து எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் இக்கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். 'மனிதக் காலடி படாத கடற்கரை', 'வெளியுலகம் அறியாத கிராமம்', 'காலம் உறைந்துபோன தீவு'. காலடி படாத அந்தக் கடற்கரையில் கட்டுரையாளரை இறக்கிவிட்ட படகோட்டி யார், அவர் அன்றாடம் அங்கே என்ன செய்கிறார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

இது நடையில் நேரும் சிறு பிழை என்று கடந்துவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. 'யாரும் போகாத இடம்' என்று எழுதும்போது அந்த 'யாரும்' என்பதற்குள் யாரெல்லாம் அடங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கேயே பிறந்து, மீன்பிடித்து, மணமுடித்து, மாண்டு போகிறவர்கள் அதற்குள் அடங்குவதில்லை. அவர்களைக் கணக்கில் கொள்ளாத பயணி, உள்ளே வரலாமா என்று அவர்களிடம் கேட்கவும் மாட்டார். தடம் விலகிய பயணங்களைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது இதுதான்: ஓர் இடத்துக்குப் போகலாமா, போய்வந்ததை ஊரறிய எழுதலாமா என்ற இரண்டு கேள்விகளையும் முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே வாழ்கிறவர்களே. பயணிக்கு அந்த உரிமை கிடையாது.

எடுத்துக்காட்டாக இந்தோனேசியாவைக் கொள்வோம். நிலநடுக்கோட்டின் இருபுறமும் 17,000க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்நாடு, சுயேச்சைப் பயணிகளின் நெடுங்காலக் கனவு. அவர்களுள் முன்னோடி என்று ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸைச் சொல்லலாம். 1854 முதல் 1862 வரை எட்டாண்டுகள், ஏறத்தாழ 14,000 மைல்கள் அவர் அத்தீவுகளிடையே அலைந்தார். பிடித்த பூச்சிகளையும் பறவைகளையும் லண்டனில் விற்று வந்த பணமே அவரது கைச்செலவு. 1869இல் அவர் வெளியிட்ட 'மலாய் தீவுக்கூட்டம்' இன்றும் அப்பகுதிக்குப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ளும் நூல்.

1856 டிசம்பரில் வாலஸ் மக்காசார் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்க்கப்பலில் ஏறி, நியூ கினிக்குத் தெற்கேயுள்ள ஆரு தீவுகளுக்குப் போனார். ஐரோப்பியக் கண்ணுக்கு அது உலகின் விளிம்பு. ஆனால் அவர் ஏறிய கப்பல், பூகிஸ் வணிகர்கள் ஆண்டுதோறும் மேலைப் பருவக்காற்றில் போய்க் கீழைப் பருவக்காற்றில் திரும்பும் வழக்கமான வழியில்தான் போயிற்று. இறங்கிய டோபோ, ஒரு சந்தை ஊர். துணியும் கத்தியும் புகையிலையும் சாராயமும் அங்கே வந்து இறங்கின. முத்துச் சிப்பியும் கடலட்டையும் உண்ணத்தகுந்த பறவைக் கூடுகளும் சொர்க்கப் பறவையின் தோலும் அங்கிருந்து ஏறின. சீனர், பூகிஸ், ஜாவாக்காரர் என்று பல இனத்தார் காவலரோ நீதிமன்றமோ இல்லாமல் ஒழுங்காக வணிகம் செய்ததைக் கண்டு வாலஸே வியந்து எழுதுகிறார். உலகின் விளிம்பு என்று அவர் போய்ச்சேர்ந்த இடம் வேறு சிலருக்குக் கடைத்தெருவாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை.

ஆயினும் அந்த நேர்மைக்குப் பிறகும் நினைவில் நிற்பது ஒரு பெயர்தான். சரவாக்கில் 1855இல் வாலஸிடம் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பயணம் முடியும்வரை உடனிருந்தார். சமைத்தார், படகு செலுத்தினார், பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தினார். 1858இல் பாச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவரும் அலிதான். அதன் அறிவியல் பெயரில் இன்று வாலஸ் இருக்கிறார். வாலஸ் அலியை மறக்கவில்லை. பிரியும்போது பணமும் துப்பாக்கிகளும் கொடுத்தார், நூலிலும் அவரைக் குறிப்பிட்டார். அலியின் பங்கை முழுமையாக ஆராய முற்பட்டவர்கள் வெகுகாலம் கழித்தே வந்தார்கள். தனியாகப் பயணம் செய்தேன் என்று எழுதுகிற எவரும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. வெப்பமண்டலக் காட்டில் தனியாகப் பயணம் செய்தவர் எவரும் இலர். பக்கத்தில் ஓர் அலி இருந்திருப்பார்.

தமிழர்களாகிய நமக்கு இதில் வேறொரு கணக்கும் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்றொரு சிற்றூர் உண்டு. வடக்கே தோபா ஏரிக்கு வருகிற பயணிகளில் மிகச் சிலரே அங்கே எட்டிப் பார்க்கிறார்கள். தடம் விலகிய இடம் என்று எழுதுவதற்கு எல்லாத் தகுதியும் உள்ள ஊர். ஆனால் இந்தோனேசிய மொழியில் இன்றும் கற்பூரத்துக்குப் பெயர் 'காப்பூர் பாரூஸ்'. பெட்டிக்கடையில் வாங்கும் அந்துருண்டையையும் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே கற்பூரம் ஏற்றுமதி செய்த துறைமுகம் அது. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது பொது ஆண்டு 1088. பொறித்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர்.

சிதைந்த அக்கல்வெட்டின் செய்தி நம் பேசுபொருளுக்கு நெருக்கமானது. துறைமுகத்துக்கு வரும் மரக்கல நாயகர் முதலியோர், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு குறித்த கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்திய பிறகே விரித்த பாவாடையில் அடிவைத்து உள்ளே வர வேண்டும் என்று அதை அறிஞர்கள் வாசித்திருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கரையில் இறங்குவதற்கு ஒரு முறை இருந்தது. கப்பல் வந்துவிட்டது என்பதாலேயே எவரும் இறங்கி நடந்துவிடவில்லை. அதே வடசுமத்ராவின் மேடான் நகருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களின் அடையாளமாக நிற்கிறது. இன்று அந்நகரில் இறங்கிக் காட்டைத் தேடிப் போகும் பயணி, கூலிகளும் வணிகர்களும் போட்ட வழியில்தான் நடக்கத் தொடங்குகிறார். இதை அறிந்த தமிழர் ஒருவர் சுமத்ராவைக் 'கண்டுபிடித்ததாக' எழுதும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

இனி, தடம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். டோனி வீலர், மாரீன் வீலர் என்ற தம்பதியர் 1972இல் லண்டனிலிருந்து புறப்பட்டு, தரைவழியே ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச்சேர்ந்தார்கள். எப்படிப் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு விடையாக 1973இல் ஒரு சிறு நூலை அச்சிட்டார்கள். 1975இல் தென்கிழக்கு ஆசியாவுக்கான நூல் வந்தது. லோன்லி பிளானெட் என்ற பதிப்பகம் அவ்வாறு பிறந்தது. குறைந்த காசில் ஊர்சுற்ற விரும்பிய ஒரு தலைமுறைக்கு அந்நூல்கள் கதவைத் திறந்துவிட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே பக்கத்தைப் படித்த ஆயிரம் பேர் ஒரே விடுதியைத் தேடிப் போனபோது, தடம் விலகிய பாதையே புதிய தடமாயிற்று. விடுதிகள் தோறும் காலைச் சிற்றுண்டிக்கு ஒரே பண்டம் கிடைத்ததைக் கண்டு, பயணிகளே அதை 'வாழைப்பழப் பான்கேக் தடம்' என்று கேலியாக அழைத்தார்கள்.

அச்சிட்ட நூல் ஒரு பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் இடையே ஓர் ஊருக்கு மூச்சுவிட நேரம் தந்தது. புனைவும் திரைப்படமும் அந்த அவகாசத்தையும் தருவதில்லை. இதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடாவைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. அலெக்ஸ் கார்லண்டின் 'தி பீச்' நாவல் 1996இல் வெளிவந்தது. கூட்டம் அறியாத ஒரு கடற்கரை, அதில் இரகசியமாக வாழும் பயணிகள், வரைபடத்தை ஒருவன் படியெடுத்து வேறு சிலருக்குக் கொடுத்துவிடுவதால் வரும் கேடு என்று போகும் கதை. அதாவது, ஓர் இடத்தை ஊரறியச் செய்வதன் விளைவே நாவலின் மையம். அதைப் படமாக்கியவர்கள் பீ பீ லே தீவின் மாயா விரிகுடாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மணல்மேட்டைச் சமன்செய்து தென்னை நட்டதை உள்ளூர்ச் சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். 2000இல் படம் வெளியானது. பின்னாளில் ஒரே நாளில் 5,000 பேர்வரை அந்தச் சிறு கடற்கரைக்கு வந்தார்கள். படகுகளின் நங்கூரமும் மனிதக் கால்களும் பவளப்பாறையைச் சிதைத்தன. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது, தீவின் மறுபக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்று விதித்தார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பி வந்திருந்தன. நாவல் எச்சரித்ததை அதன் திரைவடிவமே நிகழ்த்திக் காட்டியது. எழுத்துக்கும் படத்துக்கும் இத்தகைய வலிமை உண்டு என்றால், எழுதுகிறவனுக்குப் பொறுப்பும் அதே அளவு உண்டு. இன்று கைப்பேசியில் எடுத்த ஒரு படமும், அதனுடன் ஒட்டிய இடக்குறியும் அதே வேலையைச் சில நாட்களில் முடித்துவிடுகின்றன.

அப்படியானால் போகவே வேண்டாமா, போனாலும் பெயரைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா? நண்பர்கள் சிலர் இதைத்தான் தீர்வாகச் சொல்கிறார்கள். நமக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 'நாங்கள் பார்த்தாயிற்று, இனி நீங்கள் வராதீர்கள்' என்பது கோட்டைக் கதவைப் பின்னால் சாத்திக்கொள்கிறவரின் அறம். வசதியுள்ளவருக்கு வழி எப்படியும் தெரிந்துவிடும். கட்டுரையைப் படித்துத்தான் வழி அறிய முடிகிற எளியவருக்கே கதவு சாத்தப்படும். மேலும், பயணியை நம்பி வாழ்கிறவர்களின் தரப்பையும் கேட்க வேண்டும்.

மேடானிலிருந்து ரப்பர்த் தோட்டங்களையும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களையும் கடந்து போனால், குனுங் லேசர் தேசியப் பூங்காவின் விளிம்பில் புக்கிட் லாவாங் என்ற ஊர் வரும். வீடுகளில் வளர்ப்புப் பிராணிகளாக அடைபட்டிருந்த ஒராங்குட்டான்களை மீட்டுக் காட்டுவாழ்வுக்குப் பழக்கும் மையம் ஒன்றை 1973இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இரு பெண் விலங்கியலாளர்கள் அங்கே தொடங்கினார்கள். குரங்கைப் பார்க்கப் பயணிகள் வந்தார்கள். பயணிகளுக்காக ஆற்றங்கரையில் விடுதிகள் எழுந்தன. 2003 நவம்பரில் போஹோரோக் ஆற்றில் திடீர் வெள்ளம் வந்து 200க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் ஊரை மறுபடியும் கட்டினார்கள், பயணிகள் மறுபடியும் வந்தார்கள். நல்ல படம் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பழத்தைக் காட்டி ஒராங்குட்டானை அருகே வரவழைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. நம் சளியும் காய்ச்சலும் அவற்றுக்குத் தொற்றக்கூடியவை என்பது தெரிந்தும் அது நிற்கவில்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், மரத்தை வெட்டி விற்பதைவிட மரத்தை நிற்கவைத்துக் காட்டுவதில் வருமானம் உண்டு என்று ஊராருக்கு உணர்த்தியதும் இதே பயணிகள்தாம். 2020இல் நோய்த்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது இந்தோனேசியா முழுவதும் பயணிகளை நம்பியிருந்தவர்கள் பிழைப்பின்றித் தவித்ததை நாம் அறிவோம். அவர்களிடம் போய், உங்கள் நன்மைக்காக உங்கள் ஊரின் பெயரை மறைத்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே, போவதா வேண்டாமா என்று நமக்குள் வாதிட்டு முடிவெடுப்பதில் பயனில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கேட்டால் விடை கிடைக்கும். அவ்விடை ஊருக்கு ஊர் மாறும். கேட்டால் தெளிவாகவே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மேற்கு ஜாவாவின் பாந்தென் மாநிலத்தில், லெபாக் மாவட்டத்து மலைச்சாரலில் பாதுய் என்ற சமூகத்தார் வாழ்கிறார்கள். அவர்களில் உள்பாதுய் எனப்படுவோர் மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். செருப்பு அணிவதில்லை, வண்டியில் ஏறுவதில்லை, மின்சாரத்தை ஏற்பதில்லை. அயல்நாட்டார் அவ்வூர்களுக்குள் நுழையக் கூடாது. அங்கே படம் எடுக்கக் கூடாது. ஆண்டில் மூன்று மாதம், காவாலு என்ற நோன்புக் காலத்தில், வெளியார் எவருக்கும் வாயில் திறப்பதில்லை. ஜகார்த்தாவிலிருந்து இரயிலும் சாலையும் எட்டிய பிறகு வார இறுதிகளில் கூட்டம் வரத் தொடங்கியது. ஞெகிழிக் குப்பை சேர்ந்தது. 2020 ஜூலையில் பாதுய் மூத்தோர் சார்பில் நாட்டின் அதிபருக்கு ஒரு கடிதம் போனது. எங்களைச் சுற்றுலா வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள் என்பது அதன் சாரம்.

நம் பயணக் கட்டுரைகளில் இக்கடிதம் 'உலகை மறுக்கும் பழங்குடி' என்ற தலைப்பில் வந்திருக்கும். உண்மை அதுவன்று. விருந்தினர் வருவதை அவர்கள் மறுக்கவில்லை. சுற்றுலா என்ற சொல்லுக்குப் பதிலாக 'சாபா' என்ற தங்கள் சொல்லையே அவர்கள் முன்வைக்கிறார்கள். மரியாதை நிமித்தம் ஒருவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து வருவது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். பார்க்க வருகிறவனுக்கும் நலம் விசாரிக்க வருகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் வைத்துவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதுய் மக்கள் ஒரே இடத்தில் உறைந்து கிடக்கிறவர்கள் அல்லர். உள்பாதுய் ஆண்கள் வெறுங்காலுடன் நடந்தே ஜகார்த்தாவரை போகிறார்கள். தேனும் நெய்த துணியும் விற்கிறார்கள். தங்கள் ஊரில் முன்பு வந்து தங்கியவர்களின் வீடுகளைத் தேடிப் போய்ப் பார்த்துவருகிறார்கள். போனவன் வீட்டுக்குத் திரும்ப வருகிறான் என்றால்தான் அது விருந்து. இருவழியாகப் பார்த்தால் நம்மைவிடத் தேர்ந்த பயணிகள் அவர்கள்.

அதே லெபாக்கிலிருந்து இலக்கியத்துக்கு ஒரு பெரிய நூல் கிடைத்திருக்கிறது. 1856இல் அங்கே சில மாதங்கள் டச்சு அதிகாரியாக இருந்த எட்வர்ட் டௌவெஸ் டெக்கர், முல்தாதுலி என்ற புனைபெயரில் 1860இல் 'மாக்ஸ் ஹவெலார்' நாவலை வெளியிட்டார். அந்த மலைச்சாரலின் அழகை எழுதி அவர் பெயர் பெறவில்லை. உழவனின் எருமை பறிக்கப்பட்ட கதையையும், அதைக் கண்டும் காணாதிருந்த ஆட்சியையும் எழுதினார். தொலைதேசத்தைப் பற்றி எழுதுவதற்கு அதைவிடச் சிறந்த காரணம் நமக்குத் தோன்றவில்லை.

தமிழிலும் நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியார் போன இடமெல்லாம் மனிதர்களையே பார்த்தார், தன்னைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம் இன்றைக்கு மீண்டும் தேவைப்படுகிறது. தடம் விலகிப் போகிறவர்கள் போகட்டும். போகும் நாட்டின் மொழியில் நூறு சொற்களாவது கற்றுக்கொண்டு போகட்டும். இந்தோனேசிய மொழி அதற்கு மிக எளிது. நம் இலக்கியத்தில் பழகிய 'பாஷை' அங்கே 'பாஹாசா'வாக இருக்கிறது. உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்கி, பொட்டலச் சோற்றை வாங்கித் தின்று, அவர்கள் ஏறும் வண்டியில் ஏறட்டும். திரும்பி வந்து எழுதும்போது படகோட்டி எத்தனை மணிக்கு எழுந்தார், டீசல் என்ன விலை, அவர் பிள்ளை என்ன படிக்கிறது என்பதையும் எழுதட்டும். ஊரார் வேண்டாம் என்று சொன்ன இடத்தின் குறியை வரைபடத்தில் வைக்காதிருக்கட்டும். வாருங்கள் என்று சொன்ன ஊரின் பெயரைத் தாராளமாகச் சொல்லட்டும். 'காலடி படாத' என்ற சொற்றொடரை மட்டும் நம் அகராதியிலிருந்து எடுத்துவிடலாம்.

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது என்றாலே, அதில் யாரோ நாள்தோறும் நடக்கிறார்கள் என்று பொருள். புல் முளைக்காமல் அதைக் காப்பவை அவர்களுடைய கால்கள். அவர்கள் வரும்வரை பாதையோரத்தில் சற்று நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டு நடப்பதால் நம் பயணத்தின் சுதந்திரம் எதுவும் குறைந்துவிடாது.